கடல்சிங்கங்களைக் கொன்றால் சால்மன் பெருகுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் சால்மனைக் காப்பாற்றுவதற்காகக் கடல்சிங்கங்களைப் பிடித்துக் கொல்ல அரசே அனுமதி கொடுத்திருக்கிறது என்று ஒருவர் படித்திருக்கிறார். இரண்டும் லட்சக்கணக்கான வருடங்களாக ஒன்றாகவே வாழ்ந்தவைதானே, இப்போது மட்டும் எப்படித் தின்றே தீர்த்துவிடும், கொன்றால் மீன் திரும்பி வருமா என்று கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எத்தனை மீனைத் தின்கின்றன என்பது ஒன்று. தின்னாமல் விட்டிருந்தால் அவற்றில் எத்தனை உயிரோடு திரும்பி வந்து முட்டையிட்டிருக்கும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஓரளவு நல்ல பதில் இருக்கிறது. சண்டையெல்லாம் இரண்டாவதில்தான். நான் மீன்வளம் படித்து, மீன் எண்ணிக்கையை மதிப்பிடும் வேலையில் பல வருடம் இருந்தவன். சால்மனை அதன் ஆற்றிலேயே நின்று ஆராய்ந்தவன் அல்ல, அந்த ஆய்வுகளை விடாமல் படித்து வருபவன், அவ்வளவுதான்.

சால்மனின் கணக்கே கொஞ்சம் கொடூரமான கணக்கு. ஒரு பெண் சினூக் சால்மன் நாலாயிரம், ஐயாயிரம் முட்டை இடும். பசிபிக் சால்மன்கள் ஒருமுறை முட்டையிட்டதும் செத்துவிடும், அடுத்த வருடம் என்ற பேச்சே கிடையாது. மீன்களின் எண்ணிக்கை ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டுமென்றால் அந்த ஐயாயிரத்தில் சராசரியாக இரண்டு பிழைத்துத் திரும்பினால் போதும். மீதி அத்தனையும் எங்கேயோ சாகும். வெள்ளத்தில் அடித்துப் போகும், பட்டினியில் சாகும், நோயில் சாகும், எதன் வாயிலாவது போகும். அதனால் "பறவைகள் இத்தனை லட்சம் குஞ்சுகளைத் தின்றுவிட்டன" என்ற தலைப்பைப் பார்த்ததும் அத்தனை லட்சம் பெரிய மீன்கள் போச்சு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாற்றங்காலில் பத்து நாற்றை ஆடு கடித்தால் விளைச்சலில் தெரியாது, கதிர் முற்றிய பிறகு பத்துப் பயிரை மேய்ந்தால் அது முழு நஷ்டம். சால்மனிலும் அப்படித்தான், எந்த வயதில் தின்னப்படுகிறது என்பது எத்தனை தின்னப்படுகிறது என்பதைவிடப் பெரிய விஷயம்.

இளமீன்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேட்டை விலங்கு கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சில்கோ ஏரியிலிருந்து வசந்த காலத்தில் கோடிக்கணக்கான சாக்கை சால்மன் குஞ்சுகள் கடலை நோக்கிக் கிளம்பும். அங்கே வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும் புல் டிரவுட் மீன்களின் வயிற்றில் இருந்ததை எடுத்துப் பார்த்தார்கள். ஐஎச்என் என்ற வைரஸ் தொற்றிய குஞ்சுகள், தொற்றாதவற்றைவிடப் பத்து மடங்குக்கும் மேல் அதிகமாக மாட்டியிருந்தன. கடற்கரையில் ரைனோசெரஸ் ஆக்லெட் என்ற பறவை தன் குஞ்சுக்குக் கொண்டுவந்த சால்மன்களைச் சோதித்தபோதும் மெலிந்தவையும் நோயுற்றவையுமே அதிகமாக இருந்தன. அதாவது தின்னப்பட்டதில் ஒரு பகுதி எப்படியும் அடுத்த மாதம் செத்திருக்கும். அந்தச் சாவைத் தடுத்தால் நமக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

சரி, அப்படியானால் வேட்டை விலங்குகளால் பாதிப்பே இல்லையா? இருக்கிறது. அதற்கு அதே சில்கோ ஏரிக்கே திரும்ப வேண்டும். அந்தக் குஞ்சுகள் இரவில், ஒரே நேரத்தில், பெருங்கூட்டமாகக் கிளம்புகின்றன. ஒரு டிரவுட்டின் வயிறு நிரம்பினால் நிரம்பியதுதான். கூட்டம் அடர்த்தியாகப் போகும் இரவில் ஒவ்வொரு குஞ்சுக்கும் ஆபத்து குறைகிறது, சிதறலாகப் போகும் இரவில் கூடுகிறது. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். நூறு கடல்சிங்கங்கள் வருடத்துக்கு ஐயாயிரம் மீன் தின்கின்றன என்று வையுங்கள். இரண்டு லட்சம் மீன் வரும்போது அது ஒரு பொருட்டே இல்லை, பத்தாயிரம் மீன் வரும்போது பாதி போய்விடும். விலங்கு மாறவில்லை, அதன் பசியும் மாறவில்லை, ஆனால் மீன் ஏற்கெனவே வேறு காரணத்தால் குறைந்துவிட்டதால் அதே பசி இப்போது குழிக்குள் தள்ளி மேலே ஏறவிடாமல் வைத்திருக்கிறது. "இத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தவைதானே" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்.

அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவுக்கு 2022-இல் ஏறக்குறைய 7.9 கோடி சாக்கை சால்மன்கள் திரும்பி வந்தன. அங்கே கரடி உண்டு, கழுகு உண்டு, சீல் உண்டு, பெலுகா திமிங்கலம்கூட உண்டு. சின்ன ஓடைகளில் வரும் மீனில் பாதிக்கு மேலேயே கரடிகள் பிடித்துவிடும் வருடங்களும் உண்டு, ஆனாலும் அந்தக் கூட்டம் அசையவில்லை. மீன் குவிந்து கிடக்கும்போது கரடி மூளையையும் முட்டையையும் மட்டும் தின்றுவிட்டு மீதியைக் காட்டோரம் போட்டுவிடும், அந்தச் சத்து மரங்களுக்குப் போகிறது. கரடி அதிகம் உள்ள ஆழமில்லாத ஓடைகளில் மீனின் உடல்வாகே காலப்போக்கில் சிறுத்துப் போயிருக்கிறது, முதுகு உயர்ந்த பெரிய மீன் தண்ணீருக்கு மேலே தெரிந்து முதலில் மாட்டும் என்பதால். வேட்டை சால்மனைச் செதுக்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மீதிப் பாதிப் பதில் கொலம்பியா ஆற்றில் இருக்கிறது. ஒரு காலத்தில் வருடத்துக்கு ஒரு கோடிக்கு மேல் சால்மன் ஏறியதாக மதிப்பிடப்படும் ஆறு அது. இப்போது பத்து, இருபது லட்சம் வருகின்றன, அதிலும் பெரும்பங்கு மீன் பண்ணையில் பொரித்து விடப்பட்டவை. இடையில் நடந்தது அணைகள், அளவுக்கு மீறிய மீன்பிடி, ஓடைகள் கெட்டுப்போனது, எல்லாம்தான். ஓடிக்கொண்டிருந்த ஆறு தொடர் நீர்த்தேக்கங்களாக மாறியதும் வேட்டைக்காரர்களுக்கு வசதியாகிவிட்டது. குஞ்சுகள் வேகமான ஓட்டத்தில் கடலுக்குப் போவதற்குப் பதிலாகத் தேங்கிய வெதுவெதுப்பான நீரில் மெதுவாக நகர்கின்றன. டர்பைன் வழியாகவோ மதகு வழியாகவோ வந்து விழுந்து மயங்கிக் கிடக்கும் இடத்தில் பைக்மின்னோ என்ற மீன் காத்திருக்கும். அது வெளியூர் மீனும் அல்ல, அந்த ஆற்றுக்காரன்தான். 1980-களில் ஜான் டே நீர்த்தேக்கம் ஒன்றில் மட்டும் செய்த கணக்கில் வருடத்துக்குச் சராசரியாக 27 லட்சம் சால்மன் குஞ்சுகள் மற்ற மீன்களின் வயிற்றுக்குப் போயின, அதில் முக்கால் பங்குக்கு மேல் பைக்மின்னோ. அதன் பிறகு 1990-களின் தொடக்கத்திலிருந்து தூண்டிலில் பைக்மின்னோ பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இத்தனை டாலர் என்று பரிசு தருகிறார்கள், இன்றுவரை நடக்கிறது. ஒரே பருவத்தில் லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தவர்களும் உண்டு. இந்தத் திட்டம் ஏன் ஓரளவு வேலை செய்கிறது என்றால், அந்த இனத்தையே ஒழிக்கப் பார்க்கவில்லை. பெரிய பைக்மின்னோதான் அதிகக் குஞ்சு தின்னும், அந்தப் பெரியவற்றை ஆண்டுக்குப் பத்து, இருபது சதவீதம் எடுத்தால் போதும் என்பது யோசனை. குஞ்சு இழப்பு கணிசமாகக் குறைந்திருக்கிறது என்பது திட்டக்காரர்கள் கணக்கு. அதனால் திரும்பி வரும் பெரிய மீன் எவ்வளவு கூடியது என்பதை அவ்வளவு உறுதியாக யாரும் காட்டிவிடவில்லை.

பறவைகளின் கதை எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இதில் மனிதனின் கை நேராகத் தெரிகிறது. கப்பல் போக ஆற்றைத் தூர்வாரிய மணலைக் கொட்டியதில் கழிமுகத்தில் ரைஸ் தீவு உருவானது. வெறும் மணல், நரி கிடையாது, ஆலா என்ற மீன்தின்னிக் கடற்பறவைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1990-களின் இறுதியில் காஸ்பியன் ஆலாக்களின் உலகத்திலேயே பெரிய குடியிருப்பு அங்கே இருந்தது, 1998-இல் மட்டும் சுமார் 1.2 கோடி சால்மன் குஞ்சுகளைத் தின்றன. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். குஞ்சுகளின் உடலில் ஒரு சென்டிமீட்டர் நீளச் சில்லு வைத்து விடுவார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பறவைகள் மீனைச் செரித்துச் சில்லைத் தீவிலேயே போட்டுவிடும், பறவை போன பிறகு கருவியை வைத்து மணலைத் துழாவினால் எந்த ஓடையில் பிறந்த மீன் இங்கே முடிந்தது என்பது வரை தெரிந்துவிடும். ஆலாக்களைச் சுடவில்லை. கடலுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் ஈஸ்ட் சாண்ட் தீவில் இடத்தைச் சுத்தம் செய்து, பொம்மை ஆலாக்களை நட்டு, ஆலா கத்தும் ஒலியைப் போட்டார்கள், 2001-க்குள் கூட்டமே இடம் மாறியது. அங்கே நெத்திலி, ஹெர்ரிங் எல்லாம் கிடைப்பதால் உணவில் சால்மனின் பங்கு முக்கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. இருபத்தாறு கிலோமீட்டர் தள்ளி வைத்ததில் கிடைத்த பலன் அது.

அதே தீவில் நீர்க்காகங்கள் விஷயத்தில் நேர்மாறாக ஆனது. 2015-இல் ஆயிரக்கணக்கில் சுடவும், கூட்டில் இருக்கும் முட்டைக்கு எண்ணெய் பூசிப் பொரிக்காமல் செய்யவும் ஆரம்பித்தார்கள். 2016 மே மாதம் மொத்தக் கூட்டமும் கூட்டை விட்டுக் கிளம்பிவிட்டது. எங்கே போனது? பெரும்பகுதி ஆற்றில் இன்னும் உள்ளே இருக்கும் ஆஸ்டோரியா பாலத்தில் போய்க் கூடு கட்டியது. அங்கே கடல் மீன் குறைவு, அதனால் ஒரு நீர்க்காகம் முன்பு தின்றதைவிட அதிக சால்மனைத் தின்ன ஆரம்பித்தது. பாலத்தின் பராமரிப்புச் செலவும் கூடியது, அது தனிக்கதை. இதில் இன்னும் தீராத விவாதம் ஒன்று உண்டு. ஆலா, நீர்க்காகம் தின்ற ஸ்டீல்ஹெட் (சால்மனைப் போலவே கடலுக்குப் போய்த் திரும்பும் டிரவுட் வகை) குஞ்சுகள் எப்படியும் கடலில் செத்திருக்கும் என்று ஒரு ஆய்வுக் குழுவும், இல்லை, பெரும்பாலும் கூடுதல் இழப்புதான் என்று இன்னொரு குழுவும் ஏறக்குறைய ஒரே சில்லுத் தரவை வைத்துக்கொண்டே முடிவு சொல்கின்றன. இரண்டு பக்கமும் திறமையான ஆட்கள். என்னைக் கேட்டால் உண்மை வருடத்துக்கு வருடம் மாறுகிறது, கடல் நன்றாக இருக்கும் வருடத்தில் கூடுதல் இழப்பு, கடல் மோசமான வருடத்தில் எப்படியும் போயிருக்கும் உயிர். இது என் ஊகம், நிரூபிக்கப்பட்டது அல்ல.

இப்போது கடல்சிங்கத்துக்கு வருவோம். 1972-இல் கடல் பாலூட்டிகளைப் பாதுகாக்கும் சட்டம் வந்த பிறகு கலிபோர்னியா கடல்சிங்கங்கள் நன்றாகவே பெருகின, 1975 வாக்கில் 90 ஆயிரத்துக்கும் கீழே இருந்தவை இப்போது இரண்டரை லட்சத்தைச் சுற்றி இருக்கின்றன. இது பாதுகாப்பின் வெற்றி, இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இனப்பெருக்கம் எல்லாம் தெற்கே கலிபோர்னியா தீவுகளில், வடக்கே வருபவை பெரும்பாலும் ஆண்கள்தான். அவற்றில் சில, கடலிலிருந்து 230 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் பானவில் அணை வரை நீந்தி வருகின்றன, ஏனென்றால் அணையைத் தாண்டி ஏற மீன்களுக்காகக் கட்டிய படிகளின் வாசலைத் தேடி சால்மன் அங்கே குவிந்து நிற்கும். அணையடியில் கண்ணால் பார்த்து எண்ணியதில் வசந்தகால மீன்களில் பெரும்பாலான வருடங்களில் ஐந்து சதவீதத்துக்குள்தான் போகிறது. ஆனால் கழிமுகத்திலிருந்து அணைக்கு வந்து சேர்வதற்குள் காணாமல் போகும் மீன் அதைவிடப் பல மடங்கு என்று அடையாளமிட்ட மீன்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது, அதிலும் சீக்கிரமாக வரும் கூட்டங்களுக்கு அடி அதிகம். இவை நாற்று அல்ல, முற்றிய கதிர். கடலில் எல்லாவற்றையும் தாண்டி வந்து முட்டையிடச் சில வாரமே பாக்கி இருக்கும் மீன்.

இதில் கொன்றது பலித்த இடம் ஓரிகன் மாநிலத்தின் வில்லாமெட் அருவி. அங்கே குளிர்கால ஸ்டீல்ஹெட் 2017-இல் அருவியைத் தாண்டியது சுமார் ஐந்நூறு மட்டும், கடல்சிங்கங்கள் அந்த ஓட்டத்தில் குறைந்தது கால் பங்கைத் தின்றன என்று மாநில மீன்வளத் துறை கணக்கிட்டது. இப்படியே விட்டால் அங்குள்ள ஒரு ஸ்டீல்ஹெட் கூட்டம் அழிய 90 சதவீத வாய்ப்பு என்றார்கள். தொலைவில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள், சில நாளில் திரும்பி வந்தன. 2018 முடிவில் அனுமதி கிடைத்து, 2019 வரை 33 கடல்சிங்கங்களை அகற்றினார்கள், அதன் பிறகு அருவியைத் தாண்டும் மீன் ஆயிரங்களில் ஏறியது. கடல் நிலவரமும் கொஞ்சம் உதவியிருக்கும், ஆனாலும் இதை வெற்றி என்றே நான் சொல்வேன். கவனியுங்கள், முப்பத்து மூன்று. இனம் முழுவதும் சால்மனுக்கு எதிரி இல்லை, ஒரு குறுகிய இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்ட சில ஆண்கள்தான் பிரச்சினை. இந்தப் பழக்கம் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டு தொற்றுநோய் மாதிரி பரவுகிறது, ஆகவே ஆரம்பத்திலேயே சிலவற்றை எடுத்தால் பின்னால் பலவற்றைக் கொல்ல வேண்டியிருக்காது என்று பானவில் தரவை வைத்து ஒரு ஆய்வும் வந்திருக்கிறது. 2018-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் தளர்த்தியதும், 2020-இல் ஐந்து வருடத்துக்கு 540 கலிபோர்னியா கடல்சிங்கமும் 176 ஸ்டெல்லர் கடல்சிங்கமும் வரை அகற்றலாம் என்று அனுமதி வந்ததும் இந்தப் பின்னணியில்தான்.

தாமதமாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு சியாட்டில் நகரின் பாலர்ட் லாக்ஸ் என்ற படகு மதகு இருக்கிறது. 1980-களில் அங்கே கடல்சிங்கங்கள் வாஷிங்டன் ஏரிக்கு ஏறும் ஸ்டீல்ஹெட்டை வாசலிலேயே பிடிக்கத் தொடங்கின. பட்டாசு, ரப்பர் குண்டு, தண்ணீருக்குள் ஒலி, கலிபோர்னியாவுக்கு லாரியில் ஏற்றி அனுப்பியது எல்லாம் பார்த்தாயிற்று, 1996-இல் கண்ணாடியிழையில் செய்த ஒரு ஓர்கா (கொலைத் திமிங்கலம்) பொம்மையைக்கூட மிதக்கவிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அதே வருடம் விடாப்பிடியான மூன்றைப் பிடித்து ஃபுளோரிடாவில் ஒரு காட்சிசாலைக்கு அனுப்பினார்கள், வேட்டை குறைந்தது. ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே ஸ்டீல்ஹெட் எழுபதுக்கு வந்துவிட்டது, பிறகு தேறவே இல்லை. கடல்சிங்கம் இல்லாவிட்டாலும் நகரம் நடுவே ஓடும் அந்த நீரில் அது தேறியிருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

கொன்று பார்த்த பழைய கணக்குகளையும் சொல்ல வேண்டும், அப்போதுதான் ஆய்வாளர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது புரியும். அலாஸ்காவில் 1917 முதல் 1953 வரை சால்மனைத் தின்கிறது என்று வெண்தலைக் கழுகுக்குத் தலைக்குப் பணம் கொடுத்தார்கள், ஒரு லட்சத்துக்கும் மேல் கழுகுகள் செத்தன. இன்னொரு பக்கம் டாலி வார்டன் என்ற மீன் சால்மன் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது என்று அதன் வாலுக்கு இரண்டரை சென்ட். பல லட்சம் வால்கள் வந்தன. 1939-இல் வந்த 20 ஆயிரம் வால்களைப் பிரித்துப் பார்த்தால் டாலி வார்டன் நாலாயிரத்துக்கும் குறைவு, பதினாலாயிரத்துச் சொச்சம் கோஹோ சால்மன் வால்கள். சால்மனைக் காப்பாற்ற சால்மனையே கொன்று காசு வாங்கியிருக்கிறார்கள். எல்லாமே இப்படி இல்லை, நேர்மையாகச் சொல்ல வேண்டும். கனடாவின் கல்டஸ் ஏரியில் 1930-களில் ஃபோர்ஸ்டர், ரிக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வலைபோட்டு வேட்டை மீன்களை அகற்றியபோது சாக்கை குஞ்சுகள் பிழைப்பது ஏறக்குறைய மூன்று மடங்கானது, அது ஒழுங்காகச் செய்த ஆய்வு. ஆனால் அதே ஏரியின் சாக்கை இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. இந்த நூற்றாண்டில் மறுபடி பைக்மின்னோவை எடுத்துப் பார்த்தும் மீளவில்லை, ஏரியின் தண்ணீரே கெட்டுவிட்டது.

கடைசியாகக் கடல். இங்கேதான் உறுதி மிகக் குறைவு. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் 1975-க்கும் 2015-க்கும் இடையில் சீல், கடல்சிங்கம், ஓர்கா எல்லாம் சேர்ந்து தின்ற சினூக் சால்மனின் எண்ணிக்கை குஞ்சுகளையும் சேர்த்து 50 லட்சத்திலிருந்து 3 கோடிக்கு மேல் ஏறியது என்று 2017-இல் வந்த ஒரு கணித மாதிரிக் கணக்கு சொல்கிறது. அதே காலத்தில் மனிதன் பிடித்தது 36 லட்சத்திலிருந்து 21 லட்சமாக இறங்கியது. மீன்பிடியைக் குறைத்து மிச்சப்படுத்தியதை விலங்குகள் எடுத்துக்கொண்டன என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த 3 கோடியில் பெரும்பகுதி சீல்கள் தின்ற சின்னக் குஞ்சுகள், நான் மேலே சொன்ன நாற்றங்கால் சிக்கல் அப்படியே இங்கேயும் பொருந்தும். ஓர்கா தின்பது எண்ணிக்கையில் குறைவு, ஒவ்வொன்றும் பெரிய மீன். அதில் தெற்குக் குடும்பங்கள் என்று சொல்லப்படும் ஓர்காக்கள் எழுபதைச் சுற்றித்தான் மிச்சம், அவையும் சட்டப்படி அழியும் இனம், அவற்றின் முக்கிய உணவே சினூக். வடக்கே முன்னூறுக்கு மேல் இருக்கும் இன்னொரு ஓர்காக் கூட்டமும் அதே சினூக்கைத்தான் தேடுகிறது, அதுவும் தெற்கே போகும் மீனுக்கு முதலில் எதிர்ப்படும் இடத்தில்.

அதனால் கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் ஜார்ஜியா நீரிணையில் சீல்களைப் பாதியாகக் குறைக்கலாம் என்று அவ்வப்போது எழும் கோரிக்கைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அங்கே சீல்கள் 1970-இல் பாதுகாப்பு வந்த பிறகு பெருகி, 1990-களின் நடுவிலிருந்து நாற்பதாயிரத்தை ஒட்டி நிலையாக நிற்கின்றன, சால்மன் சரிவு அதற்குப் பிறகும் தொடர்ந்தது. அந்தச் சீல்களின் முக்கிய உணவு சால்மன் குஞ்சு அல்ல, ஹேக், ஹெர்ரிங் என்ற மீன்கள். ஹேக் பெருகினால் அதுவே ஹெர்ரிங்கையும் சால்மன் குஞ்சையும் தின்னும். சீலையே தின்று வாழும் இன்னொரு வகை ஓர்கா அங்கே கூடிக்கொண்டே வருகிறது, சீல் குறைந்தால் அவை என்ன செய்யும்? இவ்வளவு கண்ணிகள் உள்ள இடத்தில் ஒன்றை இழுத்தால் எது அவிழும் என்று சொல்ல எந்த மாதிரிக் கணக்காலும் இப்போதைக்கு முடியாது. அதே கரையில் பன்ட்லெட்ஜ் ஆற்றுப் பாலத்தடியில் விளக்கு வெளிச்சத்தில் சீல்கள் வரிசையாக மல்லாந்து மிதந்தபடி இரவில் இறங்கும் சம் சால்மன் குஞ்சுகளை அள்ளுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தச் சீல்களை என்ன செய்யலாம் என்று கேட்டால் பேசலாம், அது வில்லாமெட் மாதிரி எல்லை தெரிந்த பிரச்சினை. விளக்கை அணைத்துப் பார்த்தார்கள், கொஞ்சம் குறைந்தது, நீருக்குள் ஒலி எழுப்பும் கருவி அதைவிட நன்றாக வேலை செய்தது. கேட்டவர் கொலம்பியாவைப் பற்றித்தான் கேட்டார் என்றால் என் பதில் இது: பானவில்லிலும் வில்லாமெட்டிலும் கொல்வது அந்தந்தக் கூட்டத்துக்குச் சில வருட அவகாசம் வாங்கித் தரும், அணையும் வெப்பமான நீரும் அப்படியே இருக்கும்வரை அடுத்த தலைமுறை கடல்சிங்கங்கள் அதே வாசலுக்கு வந்து நிற்கும்.